பந்தைத் தொடாத ஐவர்: கல்லூரி அமெரிக்கக் கால்பந்தில் ஆஃபென்சிவ் லைன்மேனின் வாழ்க்கை

கேள்வி கேட்டவர் அமெரிக்காவில் முதுகலை படிக்க வந்து, சனிக்கிழமைகளில் தம் பல்கலைக்கழக அணியின் ஆட்டங்களைப் பார்க்கத் தொடங்கியவர். பந்தை எறியும் குவார்ட்டர்பேக்குக்கும் அதைப் பிடித்து ஓடுபவர்களுக்கும் திரையில் பெயரும் புள்ளிக்கணக்கும் வருகின்றன. அவர்களுக்கு முன்னால் குனிந்து நிற்கும், ஆஃபென்சிவ் லைன்மேன் (தாக்குதல் வரிசை ஆட்டக்காரர்) எனப்படும் ஐந்து பெரிய ஆட்டக்காரர்களுக்கு மட்டும் ஒன்றும் வருவதில்லை. அப்படியிருக்க இவர்களுக்கு ஏன் முழு உதவித்தொகை, இவர்கள் எப்படி வளர்கிறார்கள், பிறகு என்ன ஆகிறார்கள் என்று கேட்டிருக்கிறார். மேலோட்டமாக இது விளையாட்டு விதி பற்றிய கேள்வி போலத் தெரிந்தாலும், கணக்கில் பதியாத உழைப்பை யார் எப்படி மதிப்பிடுகிறார்கள் என்பதும், அந்த உழைப்புக்காகவே வளர்த்தெடுத்த உடலோடு மீதி வாழ்நாளை ஒருவர் எப்படிக் கழிக்கிறார் என்பதும்தான் அதன் உள்ளே இருப்பவை. நான் பயிற்சியாளர் அல்ல. அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதிப் பல்கலைக்கழகம் ஒன்றின் விளையாட்டுப் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றிய இயன்முறை மருத்துவர். ஆகவே ஆட்ட நுட்பம் பற்றி நான் சொல்வதை அருகிலிருந்து பார்த்தவனின் கருத்தாகவும், உடல் பற்றிச் சொல்வதைத் தொழில் சார்ந்த கருத்தாகவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இந்த ஐவர் யார் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நடுவில் நின்று பந்தைக் கால்களுக்கிடையே பின்னால் கொடுப்பவர் சென்டர். அவருக்கு இருபுறமும் கார்டுகள் இருவர். அவர்களுக்கு வெளியே டேக்கிள்கள் இருவர். இவர்கள் 50 முதல் 79 வரையிலான எண்களை அணிகிறார்கள். முன்னோக்கி எறியப்படும் பந்தைப் பிடிக்க விதி இவர்களை அனுமதிப்பதில்லை. ஓடுபவருக்கு வழி திறப்பதும், குவார்ட்டர்பேக் பந்தை எறியும் வரை எதிரணியினரைத் தடுத்து நிறுத்துவதும்தான் வேலை. குவார்ட்டர்பேக் வலக்கைக்காரராக இருந்தால், எறியத் திரும்பும்போது அவருடைய முதுகு இடப்பக்கம் இருக்கும். அந்தப் பார்வையில்லாத பக்கத்தைக் காப்பதால்தான் இடப்பக்க டேக்கிளுக்கு இவ்வளவு மதிப்பு. சென்டரின் பொறுப்பு இன்னும் நுட்பமானது. எதிரணி எப்படி நிற்கிறது என்பதைச் சில நொடிகளில் படித்து, யார் யாரைத் தடுப்பது என்று மற்ற நால்வருக்கும் அறிவிப்பது பெரும்பாலும் அவர்தான். ஐவரில் ஒருவர் தவறினாலும் மற்ற நால்வரின் சரியான ஆட்டம் வீணாகிவிடும்.

திரையில் எண் வராவிட்டாலும் இவர்களுக்குக் கணக்கு இல்லாமல் இல்லை. ஒவ்வொரு ஆட்டத்திலும் இவர்கள் ஆடும் சுமார் 60 முதல் 80 நகர்வுகளையும் (சென்டர் பந்தைப் பின்னால் கொடுப்பதில் தொடங்கும் ஒவ்வொரு முயற்சியும் ஒரு நகர்வு), ஆட்டம் முடிந்த அடுத்த நாளே, பயிற்சியாளர்கள் காணொளியில் நிறுத்தி நிறுத்திப் பார்த்து, நகர்வுக்கு நகர்வு மதிப்பெண் போடுகிறார்கள். முதல் அடி சரியான திசையில் விழுந்ததா, கைகள் எதிராளியின் மார்புக்குள் சென்றனவா, இடுப்பு தாழ்ந்தே இருந்ததா என்பவையெல்லாம் அந்த அறையில் பேசப்படும். வெளியாருக்குத் தெரியும் அங்கீகாரங்களும் சில உண்டு. 1946 முதல் வழங்கப்படும் அவுட்லாண்ட் கோப்பை சிறந்த உள்வரிசை ஆட்டக்காரருக்கு உரியது; நெப்ராஸ்காவின் சென்டர் டேவ் ரிமிங்டன் அதை 1981, 1982 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் பெற்றார், வேறு எவரும் இருமுறை பெற்றதில்லை. அவர் பெயரிலேயே 2000 முதல் சிறந்த சென்டருக்கு ஒரு கோப்பை வழங்கப்படுகிறது. 2015 முதல் வழங்கப்படும் ஜோ மூர் விருது எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் அது தனி ஒருவருக்கு அன்றி ஓர் அணியின் தாக்குதல் வரிசை முழுமைக்கும் சேர்த்துத் தரப்படுகிறது. கல்லூரிக் கால்பந்தின் மிகப் பெரிய தனிநபர் விருதான ஹைஸ்மன் மட்டும் இதுவரை எந்த ஆஃபென்சிவ் லைன்மேனுக்கும் கிடைத்ததில்லை. ஓஹையோ ஸ்டேட்டின் டேக்கிள் ஜான் ஹிக்ஸ் 1973இல் இரண்டாம் இடத்துக்கு வந்ததுதான் உச்சம். அதே பல்கலைக்கழகத்தின் ஆர்லாண்டோ பேஸ் 1996இல் நான்காம் இடம் பெற்றார், அடுத்த ஆண்டு என்.எஃப்.எல். என்ற தொழில்முறை லீக்கின் அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட்டில் முதல் ஆளாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

பேஸைப் போல முதலாண்டிலேயே களமிறங்குபவர்கள் அபூர்வம். பொதுவான பாதை மிக மெதுவானது, அதைப் புரிந்துகொண்டால்தான் இந்த வாழ்க்கை புரியும். ஓடுபவரோ பந்து பிடிப்பவரோ பதினெட்டு வயதில் தம் வேகத்தை ஏறத்தாழ எட்டியிருப்பார். ஆஃபென்சிவ் லைன்மேன் அப்படியல்ல. உயர்நிலைப் பள்ளியில் 120 கிலோ எடையோடு எல்லாரையும் தள்ளிவிட்ட பையன், கல்லூரிக்கு வந்ததும் தன்னைவிட நான்கு வயது மூத்த, நான்கு ஆண்டுகள் எடைப்பயிற்சி செய்து உறுதிப்பட்ட தடுப்பாட்டக்காரரை (பந்து வைத்திருக்கும் அணியை மறிப்பவரை) எதிர்கொள்ள வேண்டியிருக்கும். ஆகவே ஆள் சேர்க்கும் பயிற்சியாளர்கள் அன்றைய எடையைவிடச் சட்டகத்தையே பார்க்கிறார்கள்: உயரம், கை நீளம், கணுக்கால் எவ்வளவு மடங்குகிறது, பாதங்கள் எவ்வளவு விரைவாக இடம் மாறுகின்றன. மல்யுத்தமும் கூடைப்பந்தும் ஆடிய பையன்களை அவர்கள் விரும்புவதற்குக் காரணம் இதுதான். கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு நெடுங்காலமாகப் பின்பற்றிவரும் விதிப்படி ஒரு மாணவர் ஐந்து ஆண்டுகளுக்குள் நான்கு பருவங்கள் ஆடலாம். ஆடாமல் கழியும் ஆண்டுக்கு ரெட்ஷர்ட் என்று பெயர். 2018 முதல், நான்கு ஆட்டங்கள் வரை களமிறங்கினாலும் அந்த ஆண்டு கணக்கில் சேராது. இந்த ரெட்ஷர்ட் ஆண்டு மற்ற இடங்களில் ஆடுபவர்களுக்கு ஓர் ஏமாற்றமாக இருக்கலாம், லைன்மேனுக்கோ அது ஏறக்குறைய கட்டாயம்.

அந்த ஆண்டில் அவர் என்ன செய்கிறார் என்பதைத்தான் நான் மிக அருகில் பார்த்திருக்கிறேன். அதிகாலையில் எடைக்கூடம், பிறகு வகுப்புகள், மதியம் காணொளி, மாலையில் பயிற்சி. பயிற்சியில் அவருக்குக் கிடைக்கும் வேடம், வரும் சனிக்கிழமை எதிர்கொள்ளவிருக்கும் அணியின் ஆட்டமுறையைப் போலவே ஆடிக்காட்டித் தம் அணியின் முதல்நிலைத் தடுப்பாட்டக்காரர்களிடம் நாள்தோறும் அடி வாங்குவது. சனிக்கிழமை பத்திரிகையில் அவர் பெயர் வராது, வெளியூர் ஆட்டங்களுக்குப் பெரும்பாலும் அழைத்துச் செல்லவும் மாட்டார்கள். இதற்கிடையே அவர் எடை கூட வேண்டும். நாளொன்றுக்கு 5,000 கலோரிக்கு மேல் உண்பது இவர்களிடையே சாதாரணம். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது விருந்து போலத் தோன்றும். பசி தீர்ந்தபின்னும், ஊட்டச்சத்து நிபுணர் எழுதிக் கொடுத்த அட்டவணைப்படி இரவு பத்து மணிக்கு இன்னொரு முழு உணவை உண்டு முடிப்பது பலருக்குப் பயிற்சியைவிடக் கடினமான கடமையாக இருந்ததை அவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். கூடும் எடை தசையாகவும் இருக்க வேண்டும், வேகம் குறையவும் கூடாது. இரண்டு மூன்று ஆண்டுகளில் 135 முதல் 145 கிலோ வரை எட்டி, அதற்குப் பிறகே அவர் தொடக்க வரிசைக்குப் போட்டியிடுகிறார்.

களத்தில் ஆடும் இடம் மாறுவதும் இந்தப் பாதையின் ஒரு பகுதி. இன்று பெயர் பெற்ற டேக்கிள்களில் ஒருவரான லேன் ஜான்சன், டெக்சஸில் உள்ள கில்கோர் என்ற இரண்டாண்டுக் கல்லூரியில் குவார்ட்டர்பேக்காக ஆடியவர். ஓக்லஹோமாவுக்கு வந்தபின் உடல் வளர வளர ஒவ்வோர் இடமாக நகர்ந்து டேக்கிள் ஆனார், 2013 டிராஃப்ட்டில் நான்காம் ஆளாகப் போனார். பின்னாளில் பெயர் பெற்ற சென்டரான ஜேசன் கெல்சி சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் உதவித்தொகையின்றி லைன்பேக்கராக (தடுப்பு அணியின் இரண்டாம் வரிசை ஆட்டக்காரராக) சேர்ந்து, பிறகு தாக்குதல் வரிசைக்கு மாறியவர். இப்படி உதவித்தொகையின்றித் தாமாக வந்து அணியில் சேர்பவர்களை வாக்-ஆன் என்பார்கள். அவர்களில் எல்லாரும் நினைவுகூர்பவர் பிராண்டன் பர்ல்ஸ்வொர்த். ஆர்கன்சா மாநிலத்தின் ஹாரிசன் என்ற சிற்றூரிலிருந்து வந்து, ஆர்கன்சா பல்கலைக்கழக அணியில் வாக்-ஆனாகச் சேர்ந்தார். தடித்த கறுப்புச் சட்டக் கண்ணாடி அணிந்தே ஆடுவார். கார்டாக வளர்ந்து 1998இல் நாட்டின் சிறந்த ஆட்டக்காரர் பட்டியலில் இடம்பிடித்தார். தம் கடைசி ஆட்டத்துக்கு முன்பே முதுகலைப் பட்டமும் பெற்றுவிட்டார். 1999 ஏப்ரலில் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் என்ற என்.எஃப்.எல். அணி அவரை மூன்றாம் சுற்றில் தேர்ந்தெடுத்தது. பதினொரு நாள் கழித்து, வீட்டுக்குக் காரோட்டிச் செல்லும் வழியில் விபத்தில் இறந்தார். வாக்-ஆனாகத் தொடங்கிய சிறந்த ஆட்டக்காரருக்கு 2010 முதல் அவர் பெயரில் ஒரு விருது வழங்கப்படுகிறது.

அந்தப் பாதை இப்போது குறுகிவருகிறது என்பதே என் கவலை. 2018 அக்டோபரில், வேறு பல்கலைக்கழகத்துக்கு மாற விரும்பும் ஆட்டக்காரர்களின் பெயர்களைப் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் என்ற இணையப் பட்டியல் தொடங்கியது. 2021இல் ஒருமுறை வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறி உடனே ஆடலாம் என்றானது. 2024இல் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்ற நிலை வந்தது. 2021 ஜூலை முதல் மாணவர்கள் தம் பெயரையும் படத்தையும் கொண்டு சம்பாதிக்க அனுமதி கிடைத்தது. 2025 ஜூனில், ஒரு வழக்கில் நீதிமன்றம் ஏற்ற சமரசத் தீர்வின்படி பல்கலைக்கழகங்களே, முதலாண்டில் சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர் உச்சவரம்புக்குள், மாணவ ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். உழைப்பவர்களுக்குப் பணம் கிடைப்பது நியாயம், அதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. ஆனால் அதே தீர்வு, அதை ஏற்ற பல்கலைக்கழகங்களில், 85 உதவித்தொகைகள் என்ற பழைய வரம்பை நீக்கி, அணியில் மொத்தமே 105 பேர் என்று வைத்துவிட்டது. முன்பு 85 பேருக்கு மேல் வாக்-ஆன்களும் திரளாக இருந்த இடத்தில் இப்போது அவர்களுக்கு இடம் குறைவு. வேறிடத்தில் மூன்று ஆண்டுகள் ஆடித் தேர்ந்த இருபத்திரண்டு வயதுக்காரர் போர்ட்டலில் கிடைக்கும்போது, பதினெட்டு வயதுப் பையனை மூன்று ஆண்டுகள் வளர்த்தெடுக்கப் பயிற்சியாளருக்குப் பொறுமை எங்கிருந்து வரும்? தாமதமாக முதிரும் இடம் என்பதால் இந்த மாற்றத்தின் சுமை ஆஃபென்சிவ் லைன்மேன்கள் மேல்தான் அதிகம் விழும் என்று நினைக்கிறேன். இது என் கணிப்பு மட்டுமே. விதிகள் ஆண்டுக்காண்டு மாறிவரும் நிலையில் உறுதியாகச் சொல்லப் பத்தாண்டுகளாவது ஆகும்.

இனி உடல். இவர்களின் முழங்கால் காயங்கள் பெரும்பாலும் ஓடித் திரும்புவதால் வருபவை அல்ல. நின்று தடுத்துக்கொண்டிருக்கும்போது பக்கவாட்டில் வேறொருவர் காலின் மேல் விழுவதால், முழங்கால் உள்நோக்கி வளைந்து உட்பக்க லிகமென்ட் (எலும்புகளை இணைக்கும் நார்) கிழிவதால் வருபவை. அதனால்தான் பல அணிகளில் ஐவரும் கீல் வைத்த உறைகளை இரு முழங்கால்களிலும் அணிவதைப் பார்ப்பீர்கள். உட்பக்க லிகமென்ட் காயத்தை அவை குறைக்கின்றன என்பதற்குச் சாதகமான சான்றுகள் உண்டு. மற்றக் காயங்களைத் தடுக்கின்றனவா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. தோள்பட்டை இன்னொரு பிரச்சினை. நீட்டிய கைகளால் ஒரு கனத்த உடலைப் பல பருவங்கள் தாங்கித் தள்ளும்போது, மேற்கை எலும்பு, தோள்மூட்டுக் குழியின் பின்விளிம்பை மீண்டும் மீண்டும் அழுத்தும்; அங்குள்ள லேப்ரம் என்ற குருத்து வளையம் கிழியும். ஒரே நாளில் நேராத காயம் என்பதால் பையன்கள் இதைச் சொல்வதில்லை. எடைப்பயிற்சியில் மார்புக்கு மேல் தள்ளும்போது தோள் ‘வழுக்குகிறது’ என்று எப்போதோ சொல்வார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுச் சோதிக்கக் கற்றுக்கொண்டேன்.

வெப்பம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பருமனான உடல் அதிக வெப்பத்தை உண்டாக்குகிறது, தன் அளவுக்கு ஏற்ப அதை வெளியேற்ற முடிவதில்லை. மேரிலாண்ட் பல்கலைக்கழக அணியின் ஆஃபென்சிவ் லைன்மேன் ஜோர்டன் மெக்நேர், 2018 மே 29 அன்று ஓட்டப்பயிற்சியின்போது வெப்பத் தாக்கத்துக்கு ஆளாகி, ஜூன் 13 அன்று 19 வயதில் இறந்தார். அவரைக் குளிர்நீரில் அமிழ்த்தவில்லை என்பது பிறகு நடந்த விசாரணையில் தெரிந்தது. பல்கலைக்கழகத் தலைவரே சட்டப் பொறுப்பையும் தார்மீகப் பொறுப்பையும் வெளிப்படையாக ஏற்றார். இதில் மருத்துவம் தெளிவாக இருக்கிறது: உழைப்பால் வரும் வெப்பத் தாக்கத்துக்கு முதலில் பனிநீர்த் தொட்டி, அதன் பிறகே மருத்துவமனைப் பயணம். உடனே முழுமையாகக் குளிர்வித்தால் ஏறத்தாழ எல்லாரையும் காப்பாற்றிவிடலாம்.

எடையின் விலையை இதயமும் செலுத்துகிறது. ஹார்வர்டு பல்கலைக்கழக ஆட்டக்காரர்களை ஒரு பருவத்துக்கு முன்னும் பின்னும் சோதித்த ஆய்வு 2013இல் வெளிவந்தது. அந்தக் குறுகிய காலத்திலேயே பலருக்கு இரத்த அழுத்தம் உயர்ந்திருந்தது, வரிசையில் ஆடுபவர்களிடம் இதயச் சுவர் தடிப்பதும் காணப்பட்டது. இந்த மாற்றங்கள் ஆட்டத்தை விட்டபின் எந்த அளவு திரும்பும் என்பது எடை எவ்வளவு குறைகிறது என்பதைப் பெரிதும் பொறுத்தது. விஸ்கான்சினில் 2006இல் அவுட்லாண்ட் கோப்பை பெற்று, என்.எஃப்.எல்.லில் தொடர்ச்சியாக 10,363 நகர்வுகள் ஆடிய ஜோ தாமஸ், ஓய்வுக்குப் பின் 20 கிலோவுக்கு மேல் குறைத்தது பலராலும் பேசப்பட்டது. என்.எஃப்.எல். வரை போகாத கல்லூரிப் பையனுக்குத்தான் இது கடினம். கடைசி ஆட்டம் முடிந்த மறுவாரம் அவனுக்கு எடைக்கூடமும் இல்லை, ஊட்டச்சத்து நிபுணரும் இல்லை. பசியும் பழக்கமும் மட்டும் அப்படியே இருக்கின்றன.

தலை பற்றி எல்லாரும் கேட்பதால் சொல்கிறேன். ஆஃபென்சிவ் லைன்மேன்கள் பெரிய மோதல்களைவிட, ஒவ்வொரு நகர்விலும் நேரும் சிறு மோதல்களையே எண்ணற்ற முறை வாங்குகிறார்கள். தொடர்ந்த தலை மோதல்களால் சி.டி.இ. என்ற மூளைநோய் வருகிறது என்பதில் இன்று ஐயத்துக்கு இடமில்லை. போஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட முடிவில், சோதித்த 53 கல்லூரி ஆட்டக்காரர்களின் மூளைகளில் 48இல் அந்த நோய் இருந்தது. ஆனால் அவை குடும்பத்தார் ஐயப்பட்டுக் கொடையாக அளித்த மூளைகள். ஆகவே கல்லூரியில் ஆடும் பத்தில் ஒன்பது பேருக்கு நோய் வரும் என்று அந்த எண்ணை வாசிப்பது பிழை. உயிருடன் இருப்பவரிடம் இந்நோயை உறுதிசெய்யும் சோதனை இன்னும் இல்லாததால், உண்மையான விகிதம் மருத்துவ உலகுக்கே தெரியாது. ஆடிய ஆண்டுகள் கூடக்கூட ஆபத்து கூடுகிறது என்பது மட்டும் நன்கு நிலைபெற்றது.

பிறகு என்ன ஆகிறார்கள் என்பதற்கு, என்.சி.ஏ.ஏ. சொல்லும் கணக்கு ஒன்று உண்டு: டிராஃப்ட்டுக்குத் தகுதி பெறும் கல்லூரி ஆட்டக்காரர்களில் சுமார் 1.6 விழுக்காட்டினரே தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். இது எல்லா இடங்களையும் எல்லா நிலைக் கல்லூரிகளையும் சேர்த்த சராசரி. பெரிய பல்கலைக்கழகங்கள் ஒன்றோடொன்று மோதும் முன்னணி லீக் ஒன்றில் மூன்று ஆண்டுகள் தொடக்க வரிசையில் ஆடிய டேக்கிளின் வாய்ப்பு இதைவிட மிக அதிகம். சிறு கல்லூரிக் கார்டின் வாய்ப்பு ஏறத்தாழ இல்லை. எப்படியாயினும் பெரும்பாலோருக்கு இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதில் ஆட்டம் முடிகிறது. அதன்பின் பலர் பயிற்சியாளராகிறார்கள், ஆசிரியராகிறார்கள், விற்பனை, கட்டுமானம், காவல்துறை என்று போகிறார்கள். படிப்பு இங்கே பக்கத் துணை அன்று என்பதற்கு நான் மாணவர்களிடம் எப்போதும் சொல்லும் பெயர் ஜான் உர்ஷல். பென் ஸ்டேட்டில் கார்டாக ஆடிக்கொண்டே கணிதத்தில் இளங்கலையும் முதுகலையும் முடித்தார், இளங்கலை மாணவர்களுக்கு வகுப்பும் எடுத்தார். 2014இல் பால்டிமோர் ரேவன்ஸ் அணி ஐந்தாம் சுற்றில் அவரைத் தேர்ந்தெடுத்தது. 2017 ஜூலையில், மேற்சொன்ன மூளை ஆய்வு வெளியான இரண்டு நாளில், 26 வயதில் ஓய்வை அறிவித்தார். ஆய்வைப் பார்த்துத்தான் விலகினார் என்று ஊடகங்கள் உடனே எழுதின, அவரோ எம்.ஐ.டி.யில் முனைவர் படிப்பை முழுநேரமாகத் தொடர விரும்புவதையும் முதல் குழந்தை பிறக்கவிருப்பதையும்தான் அப்போது குறிப்பிட்டார். 2021இல் முனைவர் பட்டம் பெற்று, இப்போது அதே நிறுவனத்தில் கணிதம் கற்பிக்கிறார். எல்லாராலும் இப்படி ஆக முடியாது. ஆனால் வாரம் 20 மணி நேரம் என்று விதி சொல்லும், நடைமுறையில் அதைத் தாண்டிவிடும் ஆட்டப் பணிகளுக்கிடையே, எளிதான பாடம் எது என்று பார்த்துச் சேர்வதற்கும், விரும்பிய பாடத்தை விடாமல் பிடித்துக்கொள்வதற்கும் உள்ள வேறுபாடு பத்தாண்டுகள் கழித்துத் தெரிகிறது.

உதவித்தொகை எதற்கு என்று கேட்டிருந்தீர்கள். இவ்வளவுக்கும் சேர்த்துத்தான். அதோடு 2024 ஆகஸ்ட் 1 முதல், என்.சி.ஏ.ஏ.வின் மிக உயர்ந்த நிலையான முதல் பிரிவில் ஆடும் பல்கலைக்கழகங்கள், ஆட்டத்தால் வந்த காயங்களுக்கு மாணவர் வெளியேறியபின்னும் இரண்டு ஆண்டுகள் வரை மருத்துவச் செலவை ஏற்க வேண்டும் என்றும், முழு உதவித்தொகை பெற்றவர் படிப்பை இடையில் விட்டுச் சென்றாலும் பத்தாண்டுகளுக்குள் திரும்பிவந்து பட்டத்தை முடிக்க நிதி தர வேண்டும் என்றும் என்.சி.ஏ.ஏ. வைத்திருக்கிறது. இரண்டாவது ஏற்பாடு மிக நல்லது, பலர் அறியாதது. உங்களுக்குத் தெரிந்த முன்னாள் ஆட்டக்காரர் யாராவது பட்டம் முடிக்காமல் இருந்தால் அவரிடம் இதைச் சொல்லுங்கள். முதலாவது போதாது. இருபது வயதில் மெனிஸ்கஸ் குருத்தெலும்பின் ஒரு பகுதியை வெட்டி எடுத்த முழங்கால், தேய்மானத்தைக் காட்டத் தொடங்குவது பெரும்பாலும் முப்பதுகளில். அந்த வயதில் அந்தக் காப்பு முடிந்து பல ஆண்டுகள் ஆகியிருக்கும். அதனால் கடைசிப் பருவம் முடிந்ததும் பல்கலைக்கழகத்தை விட்டுச் செல்லும் ஒவ்வொருவரிடமும், முழங்கால், தோள், முதுகு ஆகியவற்றின் ஸ்கேன் படங்களையும் அறுவைச் சிகிச்சைக் குறிப்புகளையும் முழுப் படியாக வாங்கிக்கொள்ளச் சொல்லியும், முதல் ஆறு மாதத்துக்கான எடைக் குறைப்பு அட்டவணையை எழுதிக் கொடுத்தும்தான் அனுப்பிவந்தேன்.